கல்யாண ஃப்ளெக்ஸில் ஒரு பாய்

எண்ணூரில் கால்வாய்ப் பாலத்தின்மேல் என் ட்ரெய்லர் வரிசையில் சிக்கி நின்ற ஓர் ஐப்பசிக் காலையில் ஒரு படகுக்காரரைப் பார்த்தேன். கீழே, பழவேற்காட்டிலிருந்து தெற்கே, வாடைக்காற்றில் படகு விட்டுக்கொண்டு சாவகாசமாக வந்தார். ஒல்லி உடம்பு, தலையில் சிவப்புத் துண்டு. பழைய கல்யாண ஃப்ளெக்ஸைத் தைத்துப் பாயாக்கியிருந்தார். மாப்பிள்ளையும் பெண்ணும் கன்னம் உப்பிச் சிரித்தார்கள். பாலம் வந்ததும் பாய்மரத்தைச் சாய்த்துப் படுக்க வைத்தார். பாலத்துக்குப் பாலம் இதே வேலைதான் போல. எனக்கு வயிறு எரிந்தது.

ஜன்னல் வழியாகக் கத்தினேன். “போறது சரி நைனா. எதிர்காத்துல எப்புடி வூடு திரும்புவ?”

“காலி ட்ரெய்லரு வடக்க வருதுல்ல? அதுல படகைக் கட்டிக்கினு குந்திப்பேன். உன்னாட்டம் ஒருத்தன் நிறுத்தாமலா பூடுவான்?”

காற்றுதான் அவருக்கு உழைக்கிறது என்று பொறாமைப்பட்டிருந்தேன். என் வண்டியுமா?

கை காட்டினால் நிறுத்தவே கூடாது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். ஆனாலும் காலி வண்டியோடு வடக்கே வரும்போதெல்லாம் கண் கால்வாய்ப் பக்கமே போகிறது. படகு கட்டுகிற அளவுக்கு நீளமான கயிறு ஒன்றும் சீட்டுக்குப் பின்னால் வாங்கிப் போட்டிருக்கிறேன்.