பதினோரு நிமிடச் சிறப்பு விருந்தினர்

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் கால் மணி நேரம் போனால் அந்தப் பெரிய பூங்கா. வாசலில் ஒரு பலகை இருக்கிறது. புல்லில் உட்காராதே, பூப்பறிக்காதே, தின்பண்டம் கொண்டுவராதே, பந்து விளையாடாதே. மனிதர்கள் வராமலே இருந்தால் இன்னும் நல்லது என்பதை மட்டும் மரியாதை கருதி எழுதாமல் விட்டிருக்கிறார்கள். ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை அங்கே திறந்தவெளிக் கச்சேரி நடக்கும். அன்றைக்கு எல்லோரும் புல்லில்தான் உட்கார வேண்டும். வேறு இடம் கிடையாது.

நானும் மனைவியும் இரண்டு வருடமாகப் போகிறோம். அவளுக்குப் பாட்டு பிடிக்கும். எனக்குப் பாட்டுக்கு முன்னால் நடப்பதைக் கேலி செய்யப் பிடிக்கும். ஆறு மணிக் கச்சேரி என்றால் ஆறு மணிக்கு மைக் சோதனை. ஆறரைக்குக் குத்துவிளக்கு ஏற்றுவார்கள், பக்கத்து ஏரியின் காற்றில் அது அணையும், மறுபடி ஏற்றுவார்கள். அப்புறம் வரவேற்புரை, முன்னிலை உரை, வாழ்த்துரை. எட்டு மணிக்குப் பூங்காவைப் பூட்டிவிடுவார்கள் என்பதால், உரைகளுக்கு நடுவே சந்து கிடைத்தால் பாட்டு. மேடையில் இருப்பவர்களைப் பற்றி நான் காதோடு ஏதாவது சொல்வேன். மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

அந்த ஞாயிறு படப்பையில் ஒரு கிரகப்பிரவேசம். சாப்பிட்டு, கொஞ்ச நேரம் பேசிவிட்டு, நேராகப் பூங்காவுக்கு வந்தோம். அதனால் நான் கரைவேட்டியும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையுமாக இருந்தேன். இடம் பிடிக்க மனைவி முன்னால் போய்விட்டாள். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தபோது, சட்டையில் பேட்ஜ் குத்திய ஒருவர் ஓடிவந்தார்.

"சார், உங்களுக்காகத்தான் வெய்ட் பண்ணிக்கினு கீறோம். வாங்க சார்."

யாரையோ நினைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுகிறார் என்று உடனே புரிந்துவிட்டது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் வழியில் நின்றவர்கள் எனக்காக ஒதுங்கினார்கள். இருபத்தேழு வருடமாகக் கணக்கு வாத்தியார் நான். பள்ளி வராந்தாவில்கூட யாரும் அப்படி ஒதுங்கியதில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

முதல் வரிசை சோபாவில் உட்கார வைத்தார்கள். எனக்கென்று ஒரு மின்விசிறி, காலடியில் ஒரு கொசுவத்திச் சுருள். புல்லில் இருந்த ஜனங்களுக்குக் கொசு மட்டும். மைக் பிடித்தவர் கையிலிருந்த சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சீட்டில் இருந்த ஆள் நான் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் மணி ஆறே முக்கால் ஆகியிருந்தது, சோபாவில் வேறு ஆளும் இல்லை. குனிந்து, சார் என்ன பண்றீங்க என்று கேட்டார். டீச்சர் என்றேன். "புகழ்பெற்ற கல்வியாளர்" என்று அறிவித்து, எனக்குப் பொன்னாடை போர்த்தி, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்.

நன்றி, பாட்டைக் கேட்போம் என்று சொல்லிவிட்டு இறங்கத்தான் மேடை ஏறினேன். மைக்கில் என் குரல் பூங்கா முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. அது நன்றாக இருந்தது. இசைக்கும் கணிதத்துக்கும் உள்ள உறவைப் பற்றி ஆரம்பித்தேன். எனக்குப் பின்னால் பாடகி, முப்பது வயதுப் பெண், மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். வயலின்காரர் இரண்டு முறை சுருதி சேர்த்தார். நடுவில் ஒருமுறை கைதட்டினார்கள். உற்சாகமாகிப் பின்னங்களுக்குப் போனேன். அது நிறுத்தச் சொல்லித் தட்டிய கை என்று மனைவி பிற்பாடு விளக்கினாள்.

நிஜச் சிறப்பு விருந்தினர் அப்போதுதான் வந்தார். என்னைப் போலவே வேட்டி, என்னைவிடப் பெரிய தொப்பை. பேட்ஜ்காரர் மேடையோரமாக வந்து என் காதில் சொன்னார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தப் பொன்னாடை... ஒண்ணுதான் கீது."

எல்லோர் கண்முன்னாலும் கழற்றிக் கொடுத்தேன். அதை உதறி வந்தவருக்குப் போர்த்தினார்கள். சோபாவும் அவருக்கே போயிற்று.

புல்லில் மனைவியைத் தேடிப் போனேன். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் கோவளத்து அக்கா, காலிக் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளோடு உட்கார்ந்திருந்தார். மனைவி என்னைப் பார்க்கவில்லை. அக்காதான் பார்த்தார்.

"இன்னா சார், நாலு பாட்டு கேட்டுட்டு பஸ் புடிக்கலாம்னு குந்திக்கினு கீறேன். நீ பாட்டுக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறியே."

மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேடையில் நிஜ விருந்தினர் பேச ஆரம்பித்திருந்தார். வழக்கம்போல் அவரைப் பற்றி மனைவியின் காதோடு ஏதோ சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

கடைசியில் மூன்று பாட்டு கிடைத்தது. சரியாகச் சொன்னால் இரண்டரை. மூன்றாவதின் நடுவில் காவலாளி விசில் ஊதி, ஒரு வரிசை விளக்கை அணைத்தார். அந்தப் பெண் பதறாமல் பல்லவியை ஒருமுறை பாடி முடித்து, கும்பிட்டு எழுந்தாள். அந்த இரண்டரைப் பாட்டும் அத்தனை நன்றாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

கூட்டம் வெளியேறும்போது மனைவி வாயைத் திறந்தாள். "பதினோரு நிமிஷம். வாட்ச் பார்த்தேன். வண்டிச் சாவியைக் குடுத்துட்டு, போய் அந்தப் பொண்ணுகிட்ட ஸாரி சொல்லிட்டு வாங்க."

போனேன். பாடகி தம்புராப் பெட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். உங்கள் நேரத்தை நான் எடுத்துக்கொண்டேன், மன்னிக்கணும் என்று சொன்னேன். அவள் நிமிர்ந்து நிஜமாகவே சிரித்தாள்.

"பரவாயில்லை சார். எல்லா இடத்துலயும் இப்படித்தான். மத்தவங்களைவிட நீங்க சீக்கிரமாவே முடிச்சிட்டீங்க."

அவள் குத்திக்காட்டவில்லை. உண்மையைத்தான் சொன்னாள். நான் வாசலுக்குத் திரும்பியபோது மனைவி ஸ்கூட்டரைக் கிளப்பி வைத்திருந்தாள். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.