இன்ஸ்பெக்டர் வைரவேலும் என் வாக்குமூலமும்

இன்ஸ்பெக்டர் வைரவேலை இப்போது யாருக்கும் ஞாபகம் இருக்காது. நான் நாலாவது படிக்கும்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் வருவார். பேய் நாடகம்தான், ஆனால் பேயெல்லாம் அவருக்கு அப்புறம்தான். செத்தவர்களின் குரல் அவர் காதில் விழும். கொலையானவனே வந்து, கொன்றது யார் என்று சொல்லிவிட்டுப் போவான். ஸ்டேஷனில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். கமிஷனர் மேசையைத் தட்டி, "ஆதாரம் எங்கேய்யா?" என்று கத்துவார். வைரவேல் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "காதுல கேட்டதைத்தான் சார் சொல்றேன்" என்பார். எத்தனை பேர் சிரித்தாலும் சரி, சொன்னதை அவர் மாற்றிச் சொன்னதே இல்லை. அந்த மனுஷன் என்றால் எனக்கு உயிர். அவரைப் பார்த்து வளர்ந்த பிள்ளையின் லட்சணத்தைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

திருவொற்றியூரில் குப்பத்தை ஒட்டி எங்கள் வீடு. வாசலில் ரோடு, ரோட்டில் எந்நேரமும் கன்டெய்னர் லாரி, லாரிக்கு அந்தப் பக்கம் கொட்டிவைத்த பாறாங்கல், அதற்குப் பிறகு கடல். அப்பா, அம்மா, நான், சித்தி நாலு பேரும் இருந்தோம். சித்தப்பா ஐப்பசியில் விசைப்படகில் போனவர் வரவில்லை. படகும் வரவில்லை, உடம்பும் கரை ஒதுங்கவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு கட்டு உண்டு. கடலுக்குப் போனவன் உடம்பு கிடைக்கிற வரைக்கும் யாரும் அழக் கூடாது. அழுதால், போனவன் போனவன்தான் என்று நாமே கடலுக்கு எழுதிக் கொடுத்த மாதிரி. போட்டோவுக்கு மாலை போடக் கூடாது, அவன் சட்டையை எடுத்து முகர்ந்துகொண்டு உட்காரக் கூடாது. அப்பாதான் இதில் ரொம்பக் கண்டிப்பு. தம்பி வருவான் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சித்தியும் தலையில் பூ வைத்துக்கொண்டு, மீன் ஆய்ந்துகொண்டு, எல்லாரோடும் சாதாரணமாகத்தான் இருந்தாள். அவளுக்கு அப்போது இருபத்து நாலு வயதுகூட ஆகியிருக்காது.

மீன்பிடித் தடைக்காலம் வந்தது. படகெல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன. அப்பா வீட்டிலேயே இருந்தார், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். எனக்கு முழுப் பரீட்சை லீவு. ஒரு நோட்டை இரண்டாகக் கிழித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வைரவேல் மாதிரி தெருவெல்லாம் துப்பறிந்துகொண்டிருந்தேன். அப்படித்தான் ஒரு மத்தியானம், எல்லாரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு, சித்தி மாடிக்குப் போவதைப் பார்த்துப் பின்னாலேயே போனேன்.

மொட்டைமாடியில் பழைய வலை போட்டுவைக்கிற தகரக் கொட்டாய் ஒன்று இருந்தது. சித்தி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தகரத்தில் காதை வைத்தேன். உள்ளே சித்தப்பா பேசினார்.

"இன்னா பண்ணிகினு கீற? ஐஸ் ஏத்தியாச்சி, கெளம்பறோம். பாப்பா செருப்பு பிஞ்சிகினு கீது, பஜார் பக்கம் போனா ஒண்ணு வாங்கிக் குடு. சரி, வெச்சிடவா?"

ஐயோ, அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! பாப்பா என்றால் நான்தான். செத்தவர் குரல் என் காதிலும் விழுகிறது! மறுபடி அதே பேச்சு வந்தது. மூன்றாவது தடவையும் வந்தது. சித்தி மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது. கிளம்புவதற்கு முன்னால் துறைமுகத்திலிருந்து சித்தப்பா வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருப்பார், அதை அவர் வாங்கிக் கொடுத்த டச் போனிலேயே சித்தி போட்டுக் கேட்கிறாள் என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? அப்பாவிடம் இருந்தது பட்டன் போன். குரலை அப்படி அனுப்பலாம் என்றே எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

தடதடவென்று கீழே ஓடினேன். அப்பாவின் அக்கா, அதாவது அத்தை, மீன் வியாபாரம் முடித்து அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தாள். அப்பாவும் அம்மாவும் தூக்கத்திலிருந்து எழுந்திருந்தார்கள். நான் தொப்பி இல்லாத தலையைத் தடவிக்கொண்டு அறிவித்தேன்.

"நைனா! மாடில சித்தப்பா சித்தி கிட்ட பேசிகினு கீறாரு!"

செருப்பைப் பற்றிச் சொல்ல வாயெடுப்பதற்குள் அத்தை சிரித்துவிட்டாள். "ஐய, அந்த பேய் நாடகத்த பாத்துப் பாத்து இதுக்கு மண்ட கொழம்பிப் பூட்ச்சி!" அம்மாவும் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை, ஆனால் என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அப்புறம் அத்தை சிரிப்பை நிறுத்திவிட்டு, என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள்.

"ஆம்பள குரலா கேட்ச்சி?"

"ஆமா. சித்தப்பா குரலு."

"த்தூ, ஒழுங்கா சொல்லு. வேற எவனாச்சும் போன்ல பேசினானா?"

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. நாடகத்தில் கடைசி ஐந்து நிமிஷம் கமிஷனர் வைரவேலைப் பார்ப்பாரே, அந்த மரியாதையோடு பார்த்தார்கள். சித்தப்பா என்று சொன்னால் பைத்தியம், வேறு ஆள் என்று சொன்னால் துப்பறிவாளர். எனக்கு ஒரு நொடிதான் ஆனது.

"ஆமா. யாரோ ஒரு ஆளு" என்றேன். வெட்கங்கெட்ட வாய்.

அப்பா இரண்டு இரண்டு படியாகத் தாண்டி மேலே போனார். நாங்களும் ஓடினோம். கொட்டாய்க் கதவை உதைத்துத் திறந்து, சித்தியின் கையிலிருந்த போனைப் பிடுங்கினார். "ஒரே ஒரு வாட்டி கேளு மாமா, கேட்டுட்டு அப்பறமா அடி" என்று சித்தி காலில் விழுந்தாள். எவனோ பேசுவதைக் கேட்கச் சொல்கிறாள் என்று அவருக்கு இன்னும் வெறி ஏறியது. கைப்பிடிச் சுவரில் ஓங்கி அடித்தார். மூன்று அடி. போன் பிளந்து சில்லு சில்லாகக் கொட்டியது.

சித்தி தரையைப் பார்த்துக்கொண்டே, "அது அவரு குரலு மாமா" என்றாள்.

அப்பா அப்படியே நின்றுவிட்டார். கையில் பாதி போன் இருந்தது. மெதுவாக என் பக்கம் திரும்பினார். அவர் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"பாப்பா, நீ சொல்லு. சித்தப்பா குரலா அது?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பத்து நிமிஷத்துக்கு முன்னால் அதைத்தானே கூவிக்கொண்டு ஓடினேன். ஆனால் இப்போது ஆமாம் என்றால், நான் பொய் சொன்னவள் ஆகிவிடுவேன், அப்பா என்னைக் கொன்றுவிடுவார் என்று பட்டது.

"இல்ல நைனா. வேற ஆளு."

அப்பா மூச்சு விட்டார். "கேட்டியா?" என்று சித்தியைப் பார்த்துக் கத்தினார். அத்தை வாயில் வந்ததையெல்லாம் பேசினாள், ரோட்டில் போகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். சித்தி எதுவும் காதில் விழாதவள் மாதிரி துண்டுகளைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் அதை எடுத்துக்கொண்டு தேரடிப் பக்கம் போன் ரிப்பேர் கடை இரண்டு ஏறி இறங்கினாள் என்று அம்மா சொன்னாள். ஒன்றும் தேறாது என்று சொல்லிவிட்டார்களாம்.

எனக்குப் போன் உடைந்த அன்று சாயங்காலம் அத்தை மூன்று பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாள். குடும்ப மானத்தைக் காப்பாற்றிய பிள்ளை என்றாள். மூன்றையும் தின்றேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

சித்தி மேல் ஒட்டிய பேர் ஒட்டியதுதான். அப்பா இப்போதும் அவளைப் பற்றிப் பேச்சு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது யார் குரல் என்று அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. தம்பி குரலைத் தன் கையால் உடைத்தோம் என்று தெரிந்தால் தாங்க மாட்டார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொள்கிறேன். அதுவும் பாதிப் பொய்தான், பயம்தான் மீதி.

போன் உடைந்த மூன்றாம் நாள் சித்தியின் அண்ணன் மீஞ்சூரிலிருந்து ஆட்டோ எடுத்துக்கொண்டு வந்தார். ஒரே ஒரு பையோடு சித்தி கிளம்பினாள். யாரும் வாசலுக்கு வரவில்லை. நான் மட்டும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். ஆட்டோவில் ஏறப்போனவள் திரும்பி வந்து, என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அடிக்கப்போகிறாள் என்று முகத்தை மூடிக்கொண்டேன். என் கையை விலக்கினாள்.

"நீ கேட்டல்ல பாப்பா? அவருதான? யார் கிட்டயும் நீ சொல்ல வேணாம். எங்கிட்ட மட்டும் சொல்லு."

வைரவேல் குற்றவாளியிடம் இப்படித்தான் நைசாகப் பேசி வாயைக் கிளறுவார். நான் மாட்டுவேனா?

"எனக்கு ஒண்ணும் தெரியாது. அது வேற ஆளு."

சித்தி என் தலையைத் தடவிவிட்டு எழுந்து போனாள். ஆட்டோ லாரிகளுக்கு நடுவில் புகுந்து எண்ணூர் பக்கம் போனது. தப்பித்தோம் என்று உள்ளே போய் டிவியைப் போட்டேன்.

அவள் என்னைப் பிடித்துக் கொடுக்க வரவில்லை, தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ளவும் வரவில்லை. அவள் புருஷன் கடைசியாகப் பேசியதைக் கேட்டவர்கள் உலகத்திலேயே அவளும் நானும்தான். கூட இன்னொருத்தியும் கேட்டாள் என்று இருந்தால் போதும் என்றுதான் அவ்வளவு தூரம் இறங்கிவந்து கேட்டாள்.