வாசனையில்லாத பஞ்சு

இல்லை, யார் அழைக்கிறார்கள் என்று தெரிந்துதான் எடுக்கவில்லை. எஸ்தரின் தம்பி. சென்னை மருத்துவமனையில் அவள் கண் திறக்காமல் கிடந்தாள். அவன் காலையில் அழைத்தால் ஒரே செய்திதான். என் முன்னால் மேசையில் ஒரு பூனை மயக்கத்தில் இருந்தது. அதன் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

முன்பு வேறிடத்தில் அவளோடு வேலை பார்த்த உங்களுக்குப் புரியும். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் சிறிய கால்நடை மருத்துவமனையில் அறுப்பது நான், மயக்கம் கொடுப்பது அவள். கருவி எண்களைக் காட்டும். ஆனாலும் விலங்கின் தொடையின் உள்பக்கம், நாடியில் வைத்த விரலை எடுக்கமாட்டாள். "மெஷினுக்கு முன்னாடி தொடை சொல்லிடும்பா."

முன்பொருமுறை, நெசவாளர் ஏகாம்பரத்தின் நாய்க்குக் கர்ப்பப்பையில் சீழ். பெயர் டைகர்.

"பொம்பளப் புள்ளைக்கு டைகரா?" என்றாள் எஸ்தர்.

"புலியில பொம்பள இல்லியாம்மா?"

அறுவையின்போது சீழின் விஷமும் மயக்க மருந்தும் சேர்ந்து ரத்தக் குழாய்களைத் தளர்த்தின. அழுத்தம் சரிந்தது. மீட்டோம். டைகர் எழுந்து நேராகச் சுவரில் மோதியது. டார்ச் அடித்தால் கண்மணி சுருங்கியது. கண்ணில் பழுதில்லை. பார்வைக்கான மூளைப் பகுதிக்கு ரத்தம் போதாமல் போயிருந்தது.

எஸ்தர் ஏகாம்பரத்தை உட்காரவைத்து, "மருந்து குடுத்தது நான்தான்ணா. பார்வை திரும்பலாம். திரும்பாமலும் போகலாம்" என்றாள்.

"தறிக்குழில வுழுந்துக்கினே கெடக்குமேம்மா. ஊசி போட்டு ஒரேயடியா அனுப்பிடுங்க."

"கொஞ்ச நாள் குடுங்கண்ணா."

குழியைப் பலகையால் மூடச் சொன்னாள். தினமும் மாலையில் அவர் வீட்டுக்குப் போனாள். கண் முன்னால் பஞ்சைச் சத்தமில்லாமல் விழவிட வேண்டும். பார்வை இருந்தால் தலை கூடவே இறங்கும். இறங்கவில்லை.

ஒருநாள் அவரே போன் செய்தார். "பாக்குதும்மா!" ஓடினோம். தறியில் மிஞ்சிய பட்டு நூல் கொத்தை விழவிட்டார். டைகர் திரும்பியது. நான் கைதட்டினேன். எஸ்தர் அதன் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூக்கு ஆடுது பாருங்கண்ணா. அது உங்க கை வாசனை."

புதுப் பொட்டலம் பிரித்தாள். இடுக்கியால் பஞ்சை எடுத்து விழவிட்டாள். டைகர் அசையவில்லை.

திரும்பும்போது கேட்டேன். "இன்னிக்கு ஒரு நாளாவது சந்தோஷமா இருந்திருப்பாரு இல்ல?"

"நாளைக்குப் பலகைய எடுத்துருவாருபா."

வண்டியில் பின்னால் இருந்தவள் என் முதுகில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். ரவிக்கை நனைந்தது.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். ஒரு மாலை பஞ்சு விழுந்தது. அதோடு டைகரின் தலையும் இறங்கியது. மூக்கு அசையவில்லை. ஏகாம்பரம் அருகில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு தபா போடும்மா."

பொட்டலம் தீரும்வரை போட்டாள்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியவை: நாடியில் வைத்த விரல், பிரிக்காத ஒரு பஞ்சுப் பொட்டலம்.

பூனை மேசையில் கிடக்க, போன் அடித்து ஓய்ந்தது. மயக்க வாயுவைக் குறைத்தேன். சலைனைக் கூட்டினேன். விரலுக்கடியில் நாடி மெல்லத் திரும்பியது. பூனை விழித்ததும் பொட்டலத்தைப் பிரித்துப் பஞ்சை விழவிட்டேன். அதன் தலை கூடவே இறங்கியது. இன்னொரு முறை விட்டேன்.

பிறகு கை கழுவி, அவள் தம்பியைத் திருப்பி அழைத்தேன்.