பின்வாசலைத் திறந்தவள்

அந்தப் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறவளுக்குப் பம்பரம் என்று பட்டப்பெயர் வைத்தது யாரோ தெரியாது. வைத்தவருக்குக் கண் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. உட்காரச் சொன்னால் நாற்காலியைத் துடைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். சண்டைக்கு முன்னால் அவள் இப்படி இல்லை. ஒரு பகல் முழுக்கக் குண்டுச் சத்தத்துக்குள் கணவனைத் தேடி அலைந்தாள். அவனைப் பிணமாகக் கண்டெடுத்த பிறகும் கால் நிற்கவில்லை.

சண்டை ஓய்ந்து ஒரு வருஷம் ஆகிறது. ஊரில் மேட்டுப்பக்கம், ஆற்றுப்பக்கம் என்று ஒன்றோடொன்று மோதிய இரண்டு பிரிவு. மிஞ்சிய பள்ளிக்கூடமோ ஒன்று. தலைமையாசிரியை இரண்டு பக்கத்தாரிடமும் காலில் விழாத குறையாகக் கெஞ்சி ஓர் ஏற்பாடு செய்தார். காலையில் மேட்டுப்பக்கப் பிள்ளைகள், முன்வாசல் வழியாக. மத்தியானம் ஆற்றுப்பக்கப் பிள்ளைகள், பின்வாசல் வழியாக. நடுவில் அரைமணி நேரம் இடைவெளி. அந்த அரைமணியில் பம்பரம் நாற்பது மேசைகளையும் துடைக்க வேண்டும். ஒரு பக்கத்துப் பிள்ளை உட்கார்ந்த இடத்தைத் துடைக்காமல் மறுபக்கத்துப் பிள்ளை உட்காரக் கூடாதாம். பெரியவர்களின் லட்சணம் அது.

பம்பரம் மேட்டுப்பக்கத்துக்காரி. அவள் மகள் காலை நேரத்தில் ஆறாம் வகுப்பு படித்தாள். சண்டையால் இரண்டு வருஷம் வீட்டிலேயே அடைந்து கிடந்த பிள்ளை. இப்போதும் வகுப்பில் கதவோரமாக, எந்த நேரமும் ஓடத் தயாராக உட்கார்ந்திருப்பாள். இன்னொரு முறை படிப்பு நின்றால் இவள் திரும்ப வரவே மாட்டாள் என்று தாய்க்குப் பயம்.

மணியில் இரண்டு விதம் உண்டு. விட்டுவிட்டு அடித்தால் பாடம். மூச்சுவிடாமல் அடித்தால் ஆபத்து, மேசைக்கு அடியில் புக வேண்டும். சண்டை ஓய்ந்த பிறகு இரண்டாவதை அடித்ததே இல்லை.

அன்று காலைப் பிள்ளைகள் வீட்டுக்குப் போக முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். மத்தியானப் பிள்ளைகள் சீக்கிரமே வந்து பின்வாசலுக்கு வெளியே நின்றார்கள். தெருவில் ஒரு லாரியின் டயர் வெடித்தது. அது டயர் என்று பம்பரத்தின் புத்திக்கு எட்டுவதற்குள் கை கயிற்றைப் பிடித்து மூச்சுவிடாமல் அடிக்க ஆரம்பித்துவிட்டது. முற்றத்து வரிசை கலைந்து வகுப்புகளுக்குள் ஓடியது. வெளியே நின்ற பிள்ளைகள் பின்வாசல் கதவை அறைந்தார்கள். சாவி அவள் இடுப்பில் இருந்தது. ஏற்பாடாவது ஒன்றாவது! ஓடிப்போய்த் திறந்துவிட்டாள்.

"டயர்தான், வெறும் டயர்தான்" என்று தலைமையாசிரியை மூச்சிரைக்க வந்தபோது ஒவ்வொரு மேசைக்கு அடியிலும் இரண்டு மூன்று தலைகள் தெரிந்தன. கதவோர மேசைக்கு அடியில் ஒரு வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

"குப்புறப் படுக்கணும். எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க" என்றாள் ஆற்றுப்பக்கத்துச் சிறுமி ஒருத்தி.

"தப்பு. காதைப் பொத்திக்கிட்டு வாயைத் திறந்து வச்சிருக்கணும்." இது பம்பரத்தின் மகள்.

"வாயைத் திறந்து வச்சுக்கிட்டா இவ்வளவு பேசுற?"

பக்கத்து மேசைக்கு அடியில் யாரோ சிரித்தார்கள். பம்பரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகளுக்கு என்ன பாடமெல்லாம் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறோம் என்று நெஞ்சு எரிந்தது.

கொஞ்ச நேரத்தில் இரண்டு வாசலிலும் பெற்றோர் கூட்டம் கூடியது. பின்வாசலைத் திறந்தது யார் என்று ஒரே கூச்சல். தலைமையாசிரியை மழுப்பப் பார்த்தார்.

"நான்தான் திறந்தேன்" என்றாள் பம்பரம். "ஒளிஞ்சுக்கோங்கன்னு மணியடிச்சிட்டு, பிள்ளைங்களைத் தெருவுல நிக்க வைக்கச் சொல்றீங்களா?"

வந்தவர்கள் அவரவர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள். தலைமையாசிரியைக்கு எங்கிருந்துதான் துணிச்சல் வந்ததோ, "ஒரே மேசைக்கு அடியில படுத்தாச்சு, இனிமே எதைப் பிரிக்கிறது? நாளையிலேர்ந்து எல்லாருக்கும் காலையிலதான் பள்ளிக்கூடம். வர்றவங்க வரட்டும்" என்று கூட்டத்தின் முதுகைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் பம்பரம் வாசலுக்கும் மணிக்கும் நூறு தடவை நடந்தாள். மேட்டுப்பக்கம் பன்னிரண்டு, ஆற்றுப்பக்கம் ஒன்பது. அவ்வளவுதான். அந்தப் பன்னிரண்டில் அவள் மகள் இல்லை. விடிந்தபோதே பம்பரத்தின் அண்ணன் தடுத்துவிட்டான். அவன் சைக்கிள் கடைக்காரன். கணவன் போன பிறகு தாயும் மகளும் இருப்பது அவன் வீட்டில்தான்.

மணி அடிக்கும் நேரத்துக்கு அவனே வந்தான். ஒரு கையில் காகிதம், மறுகையில் மருமகளின் கை.

"இவ பேரை நீக்கணும்னு எழுதியிருக்கேன். ஒரு கையெழுத்துப் போடு."

"வேணாம் அண்ணா."

"உன் புருஷனைக் கொன்னவங்க பிள்ளைங்களோட இவ உக்காரணுமா?"

"அந்தப் பிள்ளைங்களா கொன்னாங்க?" அவள் மணிப்பக்கம் திரும்பினாள். "இருங்க, மணி அடிச்சிட்டு வரேன்."

விட்டுவிட்டு அடித்தாள். இருபத்தொரு பேரும் உள்ளே போனார்கள்.

"விடுங்க மாமா. மணி அடிச்சாச்சு" என்றாள் மகள்.

"உனக்குப் பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு. வீட்லயும் பயமாத்தான் இருக்கு."

அண்ணன் வகுப்பு வாசலைப் பார்த்தான். பிறகு அவன் பிடி தளர்ந்தது. பிள்ளை ஓடிப்போய் வகுப்புக்குள் நுழைந்தாள். அவன் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கிழிக்கவில்லை.