பதினோராவது பாகம்

நம்பாவிட்டால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் இது இட்டுக்கட்டியது அல்ல. போன ஜனவரி பதினாலாம் தேதி, பட்டப்பகலில், அமெரிக்காவின் கென்டக்கி மலையில் என் பட்டறையில் நடந்தது.

வெளிநாட்டு ராணுவத் துப்பாக்கிகளைச் சோதித்து, புதுப் பாகங்கள் போட்டுக் கொடுப்பது என் தொழில். இப்படி மாற்றிய துப்பாக்கியில், சட்டம் பட்டியல் போட்டிருக்கும் பாகங்களில் வெளிநாட்டுச் சரக்கு பத்துக்கு மேல் இருக்கக்கூடாது. மிஞ்சினால் ஜெயில். எண்ணிப் பார்க்காமல் நான் எதையும் வெளியே விடுவதில்லை.

அன்று என் அண்ணன் டெல்மர் ஒரு யூகோஸ்லாவியத் துப்பாக்கியோடு வந்தார். பாகத்துக்குப் பாகம் ஒரே எண் குத்தியிருந்தது. 7316. அப்படி ஒத்து வந்ததை எங்கள் தொழிலில் பிரிக்கமாட்டோம்.

"நம்பர் எல்லாம் ஒண்ணா இருக்குண்ணே. பிரிக்க வேணாம்."

"மியூசியமா வச்சிருக்க? புது மேகசின் மாட்டுடா ரூஃபஸ். கோழிய நரி தூக்குது."

அண்ணன் பேச்சை நான் என்றைக்கு மறுத்திருக்கிறேன்? பிரித்தேன். மரக்கட்டையை மாற்றினேன். குண்டு அடைக்கும் மேகசினை மாற்றினேன். கடைசியாக விரலால் இழுக்கும் விசை. பழைய விசையைத் தகர மூடியில் போட்டேன். 'டங்' என்றது. மணி 3:10.

திரும்ப மாட்டுவதற்காக மேசையில் பரப்பியிருந்த வெளிநாட்டுப் பாகங்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். பத்து வரவேண்டும். பதினொன்று வந்தது.

மறுபடி எண்ணினேன். பதினொன்று.

அடுப்போரம் சோள ரொட்டி தின்றுகொண்டிருந்த அண்ணன் எழுந்து வந்து எண்ணினார்.

"பதினொண்ணுதான். ஒண்ண மாத்த மறந்துட்ட. அஞ்சாங் கிளாஸ்லயே ஒனக்குக் கணக்கு வராது."

ஒவ்வொன்றையும் பேர் சொல்லி எழுதினேன். தாளில் பத்துதான் இருந்தது. தகர மூடியைப் பார்த்தேன். காலி.

3:25. 'டிக்'.

குண்டில்லாத துப்பாக்கியின் விசையை இழுத்தால் வரும் சத்தம். துப்பாக்கியோ துண்டு துண்டாக மேசையில் கிடந்தது. சத்தம் அண்ணன் பக்கமிருந்து வந்தது.

அவர் நெஞ்சைத் தேய்த்தார். "உள்ள ஏதோ குத்துதுடா."

டிக்...

அண்ணன் துடித்துக் கீழே சாய்ந்தார். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். பாதையெல்லாம் பனி, நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள்.

அந்தப் பழைய விசையைத் திருப்பி மாட்டிவிட்டால் போதும், அண்ணன் பிழைத்துவிடுவார் என்று தோன்றியது. மேசைக்கடியில்... அடுப்புக்கடியில்... சட்டைப்பையில்... எங்கும் இல்லை. நான் அழுதேன்.

டிக்...

"ரூஃபஸ்... எண்ணாதடா..."

நான் வாயே திறக்கவில்லை.

டிக்...

3:52.

அண்ணன் போய்விட்டார்.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார்.

"ஒங்க அண்ணனுக்கு எப்ப குண்டடி பட்டுச்சு?"

"பட்டதே இல்லீங்க. அவரு பட்டாளத்துக்கே போனதில்ல."

"ஒடம்புல தழும்பும் இல்லதான்..." என்றபடி ஒரு பிளாஸ்டிக் பையை என் முன்னால் வைத்தார். இதயத்துக்குள்ளிருந்து எடுத்ததாம்.

வளைந்த சின்ன இரும்பு. 7316.

வீட்டுக்கு வந்ததும் பட்டறையைத் திறந்தேன். எல்லாம் வைத்தது வைத்தபடி மேசையில் கிடந்தது. எண்ணினேன்.

பத்து.