சேற்றில் நிறம் காண்பவன்

தங்கராஜு முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓவியத்துக்கு ஒரு முழம் தள்ளி நிற்பான். பிறகு அதை மாட்டிக்கொண்டு, திரும்பாமல் பின்னோக்கி ஒன்பது அடி வைப்பான். இரண்டு இடத்திலும் கொட்டாவி வரும். விடியுமுன் எழுந்து பேருந்து ஓட்டிவிட்டு, சிங்கப்பூரின் தோ பாயோ பேட்டையிலுள்ள வீட்டில் சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வருபவனுக்கு வேறென்ன வரும்? என் தம்பி. வயது ஐம்பத்து மூன்று. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மூன்று மணிக்கு ஓவியக்கூடத்தில் தமிழில் விளக்கம் சொல்லும் தொண்டூழியன்.

அவன் அதிக நேரம் நிற்பது ஒரே ஓவியத்தின் முன்தான்: நீர் வற்றிய சதுப்புநிலக் கரை, மழைக்கு முந்திய வானம். எனக்கு வெறும் சேறாகத் தெரிந்ததில் அவன் நிறம் எடுப்பான்.

"இது ஒரே சாம்பல் இல்ல. அடியில மஞ்சள பூசி, காயறதுக்குள்ள மேல நீலத்த இழுத்திருக்காரு. அதான் அழுக்கா தெரியுது."

தூரிகைத் தடங்களை விரலால் காற்றில் போட்டுக் காட்டுவான். வானத்துக்கு நீளமாக, சேற்றுக்குக் குட்டையாக.

கூட்டம் வருவதில்லை. இந்த முறையும் மூன்று பேர் சேராவிட்டால் தமிழ் விளக்கத்தை நிறுத்திவிடுவோம் என்று ஓவியக்கூட அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அன்று நானும் போனேன். ஓய்வுபெற்ற தாதி விசாலாட்சியும் அவர் தோழி ஃபஸீலாவும் மட்டும் இருந்தார்கள்.

"ஏர்கான் குளிருக்குத்தான் லா உள்ள வந்தோம். தம்பி பத்து நிமிஷமா சேத்தையே காட்டுது," என்றார் விசாலாட்சி. ஃபஸீலா சிரித்தார். தங்கராஜுவும் சிரித்தான், ஆனால் நகரவில்லை. ஓவியத்தின் ஓரத்தில் ஒரு படகருகே நிற்கும் சிறிய உருவத்தைக் காட்டினான். மூன்றே தீற்றல்.

"மழ வரப்போகுது, இவரு ஓடல பாருங்க. அவ்வளவு அசதி. அந்த முதுக ஓவியர் பிரஷ்ஷ தூக்காமலே ஒரே இழுப்புல இறக்கியிருக்காரு."

விசாலாட்சி கிட்டே போய்ப் பார்த்தார். "நைட் ஷிஃப்ட் முடிஞ்சு லிஃப்டுக்கு நிப்பேன். இப்படித்தான்," என்றார். அதன்பிறகு அவர் கேலி பேசவில்லை.

முடிந்ததும் வருகைத் தாளில் இருவரும் பெயர் எழுதினார்கள். மூன்றாவதாக என் முழுப் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதினேன். தங்கராஜு தாளை வாங்கிப் பார்த்தான்.

"வீட்டு ஆளுங்க இதுல சேர மாட்டாங்கக்கா."

யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டேன்.

அவன் பேனாவை எடுத்து, தாள் கிழியாதபடி மெதுவாக என் பெயர்மேல் ஒரு கோடு இழுத்தான். கீழே, மொத்தம் என்ற கட்டத்தில், இரண்டு என்று எழுதினான்.