செருப்புக்குக் காவல்

ஆரணியில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் சந்தனாவைக் கேட்டால், பிள்ளைகளுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுப்பது பொழுதுபோக்கு என்பாள். பொய். பழிவாங்கத்தான் சொல்லிக்கொடுக்கிறாள். நான் பரிமளா, அவளோடு ஒரே பெஞ்சில் படித்தவள். இப்போது வீட்டில் பவர்லூம் ஓட்டுகிறேன். தறிச் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசிப் பழகிவிட்டதால் ரகசியம் என்னிடம் தங்காது.

எங்கள் பள்ளியில் குப்புராஜ் சார்தான் விளையாட்டு வாத்தியார். மைதானத்தில் கற்களை வரிசையாக வைப்பார். பந்தைக் கற்களுக்கு நடுவே வளைத்து வளைத்து ஓட்ட வேண்டும். பந்து கல்லில் பட்டால் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அதை முடித்தால் சுவரில் உதை, நிறுத்து, உதை. "மேட்ச் எப்ப சார்?" என்று யாராவது கேட்டால், "மொதல்ல கல்ல தாண்டு" என்பார்.

நான் ஒரு மாதத்தில் ஓடிவிட்டேன். சந்தனா மூன்று வருஷம் நின்றாள். தெருவில் விளையாடும்போது பந்து அவள் சொன்ன பேச்சைக் கேட்கும். அந்தக் கற்களையும் பின்னால் நின்று கத்துகிற மனிதரையும் பார்த்தால் மட்டும் கால் உதறும்.

பத்தாவது படிக்கும்போது வந்தவாசியில் ஒரு போட்டி. டீமில் பேர் இருக்கிறது என்று சொல்லித்தான் அவளைக் கூட்டிப்போனார். ஆடுகிறவர்கள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு செருப்புகளை வேப்பமரத்தடியில் குவித்தார்கள். சார் அவளை அதன் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"நீ செருப்புக்கு கோல்கீப்பர். உனக்கு இதான் சரியான பொசிஷன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

சந்தனா ஜைன வீட்டுப் பெண். பொழுது சாய்ந்த பிறகு அவர்கள் வீட்டில் யாரும் சாப்பிடமாட்டார்கள். வெயில் இறங்குவதைப் பார்த்துப் பயந்துபோய், "சார், வேன்ல சோறு இருக்குது. ஜல்தியா சாப்ட்டுட்டு வந்துடறேன்" என்று கேட்டிருக்கிறாள்.

"செருப்பு காணாம போனா உங்கப்பனா வாங்கித் தருவான்? குந்து."

குந்தினாள். சூரியன் போய்விட்டது. டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மறுநாள் வகுப்பில் என்னிடம் சொன்னபோது அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அந்தாள ஒருநாள் செருப்புக்குக் காவலா குந்த வெக்கறேன், பாத்துகினே இரு."

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். சந்தனாவுக்குப் பூமி வேண்டாம். ஒரு செருப்புக் குவியலும் அதன் பக்கத்தில் குப்புராஜ் சாரும் போதும்.

கல்யாணம் ஆயிற்று, கடை வைத்தாள், வயதும் முப்பதைத் தாண்டியது. அந்தக் கோபம் மட்டும் நேற்று வைத்த குழம்பு போல நாளுக்கு நாள் ருசி ஏறிக்கொண்டே இருந்தது. சார் ரிட்டயர் ஆகி, நீலச் சட்டை போட்ட பிள்ளைகளை வைத்து ஒரு பயிற்சி முகாம் தொடங்கினார். அதே கல், அதே சுவர். அதைக் கேள்விப்பட்ட வாரமே சந்தனா எங்கள் தறித் தெருப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வறண்டு கிடந்த ஆற்றுக்குள் இறங்கினாள். சாயங்காலம் கடையை அவள் புருஷன் ஹேமசந்திரன் பார்த்துக்கொண்டார்.

குப்புராஜ் சார் செய்ததற்கெல்லாம் நேர் எதிராகச் செய்வது என்பதுதான் அவள் கண்ட பயிற்சி முறை. என் மகள் காவ்யா முதல் நாள், "லைன்ல நிக்கணுமா அக்கா?" என்று கேட்டதற்கு, "இது இன்னா ரேஷன் கடையா?" என்றாள். திருடன் போலீஸ் ஆட விட்டாள். பந்து யார் காலில் இருக்கிறதோ அவன் திருடன். பூனையும் எலியும் ஆட விட்டாள். சுற்றி நிற்பவர்கள் தங்களுக்குள் தட்டிக்கொள்ளும் பந்துதான் எலி, நடுவில் நிற்பவன் பூனை. யாரையும் உட்கார வைக்கமாட்டாள். சூரியன் பனைமரத்தைத் தொட்டதும் விசில் ஊதிவிட்டு, சாப்பிட வீட்டுக்கு ஓடுவாள். அது ஒரு நாளும் தவறாது.

என் வீட்டுக்காரர் பாலுவுக்கு இது பிடிக்கவில்லை. "வெளையாடிகினே இருக்குதுங்களே, ட்ரெய்னிங் எப்போ?" என்று கேட்டார்.

"கல்லு நகராதுண்ணா, எதுர்ல வர்றவன் நகருவான்" என்றாள் சந்தனா. "அவன ஏமாத்த வெளையாடித்தான் கத்துக்கணும்."

போன வருஷம் ஊரில் நடந்த போட்டியில் நீலச் சட்டைகளும் எங்கள் பிள்ளைகளும் மோதினார்கள். நீலச் சட்டைகள் பந்தை அழகாகத்தான் நிறுத்தினார்கள். ஆனால் நிறுத்தியதும் ஒவ்வொருத்தனும் சார் முகத்தைப் பார்த்தான். அவர் கத்தி முடிப்பதற்குள் பந்து போயிருக்கும். எங்கள் வாண்டுகள் பூனையும் எலியும் ஆடுகிற மாதிரியே சிரித்துச் சிரித்துத் தட்டி, கோலுக்குள் தள்ளிவிட்டு வந்தன. கத்திக் கத்தி எனக்குக் குரலே போய்விட்டது.

"டிசிப்ளின் இல்லாத கும்பல். குருட்டு அதிர்ஷ்டம்" என்று சொல்லிவிட்டு சார் ஸ்கூட்டரை எடுத்தார்.

"ஜெயிச்சது பத்தாது பரிமளா" என்றாள் சந்தனா. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் நீலச் சட்டைகள் ஒவ்வொன்றாக ஆற்றுக்குள் இறங்க ஆரம்பித்தன. முதலில் சந்தோஷ் என்ற பையன் வந்தான். அவன் பின்னாலேயே பாதி முகாம் வந்துவிட்டது. போன மாதம் ஒரு சாயங்காலம், அவர்களைத் திருப்பி இழுத்துப்போக சாரே வந்துவிட்டார். அன்று நானும் கரையில் இருந்தேன். வந்து நின்ற இடம் கரையில் பிள்ளைகள் செருப்பைக் குவிக்கிற இடம். சந்தனா மணலில் விறுவிறுவென்று அவரை நோக்கி நடந்தாள். இத்தனை வருஷம் வாய்க்குள் அடக்கிவைத்த வார்த்தை உதட்டுக்கு வந்துவிட்டது.

அதற்குள் தாமதமாக ஓடிவந்த காவ்யா செருப்பை உதறிவிட்டு, "தாத்தா, ஒரு கருப்பு நாய் டெய்லி செருப்ப தூக்கிகினு போவுது. கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லி ஆட்டத்துக்குள் பாய்ந்தாள்.

சந்தனா அப்படியே நின்றுவிட்டாள். தன் வார்த்தையை ஒரு பொடிசு பிடுங்கிக்கொண்டதில் அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! காவ்யாவை அடித்தேவிடுவாளோ என்று நினைத்தேன்.

"டேய் சந்தோஷ், வாடா மேல!" என்று கத்தினார் சார்.

"இந்த ஆட்டம் முடியட்டும் சார்!"

அந்த நேரம் பார்த்து நாய் வந்தது. சார் "ச்சீ, போ" என்று விரட்டினார். அது சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தது. மறுபடியும் விரட்டினார். கடைசியில் கால் வலித்து, செருப்புகளுக்குப் பக்கத்திலேயே ஒரு கல்லின் மேல் குந்திவிட்டார்.

சந்தனா திரும்பிப் போய் ஆட்டத்தைத் தொடர்ந்தாள். சூரியன் பனைமரத்தைத் தொட்டது. "அக்கா, டைம் ஆச்சு, நீங்க சாப்டணுமே!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

"இன்னொரு ஆட்டம்" என்றாள்.

சூரியன் மறைந்து, பந்து கண்ணுக்கு மங்கிய பிறகுதான் விசில் ஊதினாள். கரையேறி நேராக அவரிடம் போனாள்.

"ஒண்ணும் காணாம போவலியே சார்? உங்களுக்கு இதான் சரியான பொசிஷன்."

நிமிர்ந்து பார்த்தார். முதலில் ஒன்றும் புரியாத முகம், பிறகு மெதுவாகப் புரிந்த முகம். ஸ்கூட்டரை உதைத்தார், அது நாலைந்து உதைக்குப் பிறகுதான் கிளம்பியது.

மறுநாள் காலையில் கடைக்குப் போய், "ராத்திரி பசிக்கலியாடி?" என்று கேட்டேன்.

"பசிச்சுது. அன்னிக்கு வந்தவாசில பசிச்ச அதே பசி. இது நானா வரவெச்சுகினது, அதான் தேனா இருந்துச்சு."

"இதோட உட்டுடுவியா?"

"நானா?" என்று மாத்திரைப் பட்டையைக் கத்தரித்துக்கொண்டே சொன்னாள். "புள்ளைங்கள கூப்ட அவரு மறுபடி வருவாரு இல்ல, வரட்டும். நாய் இன்னும் அங்கதான் சுத்திகினு இருக்குது."